வண்டிக்குப் பின்னால் ஒரு பெட்டி: 1866-லேயே கேம்பர்வேன் கிச்சனை யோசித்த சார்லஸ் குட்நைட் யார்?

மோட்டார்ஹோம் வாங்கியவர்களும் சரி, பழைய வேனை வீடாக மாற்றுகிறவர்களும் சரி, சீக்கிரமே ஒரு இடத்தில் வந்து முட்டி நிற்பார்கள். உள்ளே இடம் பத்தாது. படுக்கையை விரித்தால் அடுப்பு வைக்க இடமில்லை, அடுப்பை வைத்தால் கால் நீட்ட இடமில்லை. அப்போதுதான் கண் வண்டிக்கு வெளியே போகும். பின்கதவில் ஒரு பெட்டி மாட்டலாமா, பக்கவாட்டில் தண்ணீர் டேங்க் தொங்கவிடலாமா, அடியில் சும்மா கிடக்கும் இடத்தில் எதையாவது சொருகலாமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும்.

இதே கணக்கை 160 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் போட்டுப் பார்த்தார். ஊர் அமெரிக்காவின் டெக்சாஸ். கார் என்ற ஒன்றே அப்போது கிடையாது. அவர் போட்ட விடை அப்படியே நிலைத்துவிட்டது. இன்று வேனின் பின்கதவைத் தூக்கியதும் இழுப்பறைகளும் மடக்கு மேசையுமாக ஒரு சமையலறை விரிகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் இன்றும் சிலர் சொல்லும் பெயர் சக் பாக்ஸ். அந்தப் பெயர் வந்தது அவர் காலத்து மாட்டுமந்தைப் பயணங்களிலிருந்து.

அவர் பெயர் சார்லஸ் குட்நைட். கொசு விரட்டி ஞாபகம் வந்தால் தப்பில்லை, ஆனால் உண்மையிலேயே குடும்பப் பெயர் அதுதான்.

சேணம் இல்லாத குதிரையில் 1,300 கிலோமீட்டர்

1836 மார்ச் 5-ம் தேதி இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா மறுமணம் செய்துகொண்டார். 1845-ம் ஆண்டு கடைசியில் குடும்பம் டெக்சாஸுக்குக் கிளம்பியது. மூட்டை முடிச்சு எல்லாம் வண்டியில். பையன் மட்டும் பிளேஸ் என்ற பெண் குதிரையில், சேணம் கூட இல்லாமல், சுமார் 1,300 கிலோமீட்டர் வந்தான். வயது 9.

பள்ளிப் படிப்பு ரொம்பக் குறைவு. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவராகவே வளர்ந்தார். ஆனால் நிலத்தைப் படிக்கத் தெரியும். வாயில் சேற்றோடு பறக்கும் தகைவிலான் குருவியைப் பார்த்தால், அது வந்த திசையில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரி விஷயங்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. இருபது வயதில் மாற்றாந்தந்தை வழிச் சகோதரரோடு சேர்ந்து மற்றவர்களின் மாடுகளை வாரத்துக்கு மேய்க்க ஆரம்பித்தார். பிறக்கிற நாலு கன்றில் ஒன்று இவர்களுக்கு. காசு கிடையாது, கன்றுதான் கூலி. இப்படித்தான் சொந்த மந்தை சேர்ந்தது.

எல்லைக் காவலர்களான டெக்சாஸ் ரேஞ்சர்களுக்கு வழிகாட்டியாகவும் போனார். 1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் கொமாஞ்சி பூர்வகுடி முகாம் ஒன்றை ரேஞ்சர்கள் தாக்கியபோது, தடம் பிடித்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அந்தத் தாக்குதலில் பலர் கொல்லப்பட்டார்கள். சிறுமியாக இருந்தபோது கொமாஞ்சிகளால் தூக்கிச் செல்லப்பட்டு, அவர்களில் ஒருத்தியாகவே வாழ்ந்துவந்த சிந்தியா ஆன் பார்க்கர் என்ற வெள்ளைக்காரப் பெண் 'மீட்கப்பட்டார்'. அவர் மீட்கச் சொல்லிக் கேட்கவில்லை. கணவர், பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அவர் மகனை இந்தக் கதையில் பின்னால் பார்க்கப்போகிறோம்.

மாடு இருக்கு, வாங்க ஆள் இல்லை

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. டெக்சாஸ் தோற்ற பக்கம். காடுமேடெல்லாம் மாடு நிறைந்து கிடந்தது, வாங்கத்தான் யாரிடமும் பணமில்லை. எல்லோரும் வடக்கே ஓட்டிப்போய் விற்கப் பார்த்தார்கள். குட்நைட் மேற்கே பார்த்தார்.

மேற்கே நியூ மெக்சிகோவில் சம்னர் கோட்டை. 1864-ல் நவாஹோ மக்களை அவர்கள் சொந்த நிலத்திலிருந்து நடக்கவைத்தே கொண்டுவந்து, இந்தக் கோட்டைப் பக்கம் அடைத்து வைத்திருந்தது அமெரிக்க அரசு. எட்டாயிரம் பேருக்கு மேல். விளைச்சல் பொய்த்துப் பட்டினி. அவர்களுக்குச் சோறுபோட அரசுக்கு இறைச்சி வேண்டும். குட்நைட்டின் முதல் பெரிய வியாபாரம் இந்தப் பசியின் மேல் நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆலிவர் லவிங் என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். வயது 53. குட்நைட்டுக்கு 30. இல்லினாய்க்கும் டென்வருக்கும் ஏற்கெனவே மந்தை ஓட்டிப்போன அனுபவசாலி. கிட்டத்தட்ட 2,000 மாடுகள், 18 ஆட்கள். போகும் வழியில் ஊர் இல்லை, கடை இல்லை. ஒரு கட்டத்தில் சுமார் 130 கிலோமீட்டருக்குத் தண்ணீரே இல்லை.

அதுவரை மாடு ஓட்டுகிறவர்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டை ஆளுக்கொரு சேணப்பையில் அடைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் ஒரு கோவேறு கழுதை மேல் ஏற்றிவிடுவார்கள். சில நாள் வேலைக்கு அது போதும். வாரக்கணக்கில் போகிற பயணத்துக்குப் பத்தாது. வெறும் மூடு வண்டியில் மூட்டைகளை ஏற்றிப்போகலாம்தான். ஆனால் இருட்டில் உப்புப் பொட்டலத்தைத் தேட, மேலே கிடக்கும் இருபது படுக்கைச் சுருட்டையும் முதலில் கீழே இறக்க வேண்டும்.

அந்தப் பெட்டியில் அப்படி என்ன இருந்தது?

குட்நைட் ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு வண்டியை வாங்கினார். ஸ்டூடிபேக்கர் கம்பெனி செய்தது என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் கார் செய்து பேர் வாங்கிய அதே ஸ்டூடிபேக்கர், அப்போது இண்டியானாவில் வண்டிப்பட்டறை நடத்திக்கொண்டிருந்தது. வாங்கிய வண்டியை ஒரு தச்சரிடம் கொண்டுபோய்ப் பிரித்து மறுபடி கட்டவைத்தார். மரம் போடார்க். பூர்வகுடிகள் வில் செய்யப் பயன்படுத்திய மரம். பெயருக்கே பிரெஞ்சில் வில்மரம் என்றுதான் அர்த்தம். லேசில் பிளக்காது, உளுக்காது. மர அச்சுக்குப் பதில் இரும்பு அச்சு. அச்சுக்குப் பூசத் தார் வாளிக்குப் பதில் மாட்டுக் கொழுப்பு டப்பா. இது புத்திசாலித்தனம்: வழியில் தார் தீர்ந்தால் போச்சு, கொழுப்பு தீர்ந்தால் பக்கத்தில்தான் 2,000 மாடு நடந்துவருகிறதே.

இவ்வளவுக்கும் பிறகுதான் பெட்டி.

வண்டியின் பின்பக்கம் அடைப்புப் பலகை இருக்க வேண்டிய இடத்தில், நிமிர்ந்து நிற்கிற ஓர் அலமாரியைப் பொருத்தினார். உள்ளே இழுப்பறைகள், தட்டுகள், சின்னச் சின்ன அறைகள். நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, நிமிர்த்தி, வண்டிக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டியதாக நினைத்துக்கொள்ளலாம். அலமாரியின் கதவுக்குக் கீல் கீழ்ப்பக்கம். அதனால் கதவைத் திறந்தால் அது வெளிப்பக்கமாக விழுந்து படுக்கும். அதற்கு மடக்கு கால் ஒன்று. காலை ஊன்றினால் கதவே சமையல் மேசை. மூடினால் மேசையே கதவு. தனியாக ஒரு மேசையைச் சுமக்க வேண்டியதில்லை, ஓட்டும்போது சாமான் உருண்டு விழுவதும் இல்லை.

இப்படிப்பட்ட பெட்டிகளில் மாவு, சர்க்கரை, காபி, பயறு, உப்பு, உலர்ந்த பழங்கள் எல்லாம் தனித்தனி அறைகளில் இருக்கும். ஒரு அறை மருந்துக்கு: விளக்கெண்ணெய், கட்டுத்துணி, பாம்புக்கடிக்கு என்ற பெயரில் கொஞ்சம் விஸ்கி. ஊசி நூல், சவரக்கத்தி என்று இன்னொரு அறை. புளித்த மாவு ஜாடிக்குத் தனி மரியாதை. குளிர் இரவுகளில் மாவு செத்துவிடக் கூடாது என்று சமையல்காரர் அதைப் போர்வைக்குள் வைத்துத் தூங்கியதும் உண்டு. பெட்டிக்குக் கீழே இருக்கும் அறையில் கனமான வார்ப்பிரும்புச் சட்டிகள்.

வண்டியின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாய், கிட்டத்தட்ட இரண்டு நாளைக்கு வரும். இன்னொரு பக்கம் ஆயுதப்பெட்டி, அதாவது சுத்தியல், லாடம், சங்கிலி. வண்டிக்கு அடியில் ஒரு முழு மாட்டுத்தோலைத் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிடுவார்கள். வழியில் கிடைக்கிற விறகு, விறகு இல்லாத சமவெளியில் காய்ந்த சாணம், எல்லாம் அதற்குள். ஒப்போசம் என்ற விலங்கு வயிற்றுப் பையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதால், இதற்குப் பாசம் பெல்லி என்று பட்டப்பெயர். மழை பெய்தாலும் அடியில் இருக்கும் விறகு ஓரளவு நனையாது. வண்டிக்குள் இடமும் அடைக்காது.

நடுவில் மிச்சமிருக்கிற வண்டித்தொட்டியில்தான் படுக்கைச் சுருட்டுகளும் மாவு மூட்டைகளும். அதாவது அடிக்கடி தொட வேண்டியது வெளியே கைக்கெட்டும் இடத்தில். எப்போதாவது தொட வேண்டியது உள்ளே. கனமானது தாழ்வாக. வண்டியை ஏறி மிதித்து உருட்டாமல், மண்ணில் நின்றபடியே 18 பேருக்குச் சமைத்துவிடலாம். இன்று ஒரு மோட்டார்ஹோமுக்கு வெளிப்பெட்டி அடிக்கிற பட்டறையிலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

வண்டிக்கு வெளியே சாமான் மாட்டியவர்களில் இவர்தான் முதல் ஆளா? அது இல்லை. மேற்கே குடிபெயர்ந்த குடும்பங்களின் வண்டிகளில் தண்ணீர்ப் பீப்பாயும் மசகு வாளியும் ஏற்கெனவே தொங்கின. சிதறிக் கிடந்த அந்தப் பழக்கங்களை ஒரு தொழிலுக்கான முழு ஏற்பாடாக ஒன்றுசேர்த்ததும், பின்பக்கத்தைச் சமையலறையாகத் திருப்பியதும்தான் அவர் பெயரில் நிற்கிறது.

சார்லஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் சக், அதனால்தான் இது சக் வேகன் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சாப்பாட்டைக் குறிக்கிற கொச்சைச் சொல்லாக அது அவருக்கு முன்பே இங்கிலாந்தில் புழங்கியது.

தண்ணீர் இல்லாத மூன்று நாள்

1866 ஜூன் 6-ம் தேதி கிளம்பினார்கள். கான்சோ ஆற்றில் மாடுகளை வயிறு முட்டக் குடிக்கவைத்துவிட்டு, பீக்கஸ் ஆற்றை நோக்கி வறண்ட சமவெளியில் இறங்கினார்கள். பகலில் ஓட்டி இரவில் தங்குவது என்ற வழக்கம் சரிப்படவில்லை. தாகத்தில் மாடுகள் இரவெல்லாம் படுக்காமல் சுற்றின. நிற்பதால் லாபமில்லை என்று தெரிந்ததும், இரவும் பகலும் நிற்காமல் ஓட்ட முடிவெடுத்தார் குட்நைட். மூன்று நாள். குதிரை மேலேயே தூங்கினார்கள். பீப்பாய்த் தண்ணீர் மனிதர்களுக்கு மட்டும்.

மாடுகளைக் காப்பாற்ற எந்தப் பெட்டியாலும் முடியவில்லை. வழியிலேயே சுமார் 300 விழுந்தன. பீக்கஸ் ஆற்றின் வாடை காற்றில் வந்ததும் மிச்சமிருந்தவை மிரண்டு ஓடின. செங்குத்தான கரையிலிருந்து விழுந்தும் உளையில் சிக்கியும் இன்னும் நூறு போல் போயின. ஆட்கள் பிழைத்தார்கள்.

சம்னர் கோட்டையில் அரசு உயிரெடைக்கே ராத்தலுக்கு 8 சென்ட் கொடுத்தது. டெக்சாஸில் கனவிலும் கிடைக்காத விலை. கையில் 12,000 டாலர், தங்கமாக. மீதி மாடுகளை லவிங் வடக்கே கொலராடோவுக்கு ஓட்டிப்போக, அடுத்த மந்தை வாங்கத் தங்கத்தோடு டெக்சாஸுக்குத் திரும்பினார் குட்நைட்.

இந்தத் திரும்பும் பயணத்தில் நடந்ததுதான் வேடிக்கை. தங்கமும் சாப்பாடும் ஒரே கோவேறு கழுதை மேல். ஒரு ராத்திரி இடி மின்னலில் அது மிரண்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. குட்நைட் கயிற்றைப் பிடித்துத் தொங்கி நிறுத்துவதற்குள் சாப்பாடெல்லாம் இருட்டில் சிதறிப்போச்சு. தங்கம் பத்திரமாக இருந்தது. 12,000 டாலர் கையில் இருந்தும் வாங்கித் தின்ன ஒரு ரொட்டித் துண்டு இல்லாமல் பட்டினியாகப் போனார்கள். வழியில் தர்பூசணி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி எதிரே வந்ததால் தப்பித்தார்கள்.

சமையல்காரர்தான் ராஜா

சக் வேகன் பரவியதும் மந்தைப் பயணத்தின் நடைமுறையே மாறிப்போனது. வண்டி நிற்கிற இடம்தான் முகாம், வீடு, ஆபீஸ் எல்லாம். காலைச் சாப்பாடு முடிந்ததும் சமையல்காரர் பாத்திரத்தைக் கழுவி, பெட்டியை மூடி, மந்தைக்கு முன்னாடியே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மாடுகள் ஒரு நாளைக்கு 16 முதல் 24 கிலோமீட்டர் நகரும். அவை வந்து சேர்வதற்குள் அடுத்த முகாமில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அவருக்கு மற்ற ஆட்களைவிடக் கூடச் சம்பளம். பல்லைப் பிடுங்குவதும் அவர்தான், சண்டையைத் தீர்ப்பதும் அவர்தான். சமையல் மேசையில் கையூன்றிச் சாப்பிடக் கூடாது, காற்று வீசும் பக்கத்தில் குதிரையை ஓட்டிச் சட்டியில் புழுதி விழவைக்கக் கூடாது என்று எழுதாத சட்டங்கள் உண்டு. மீறினால் அடுத்த வேளை காபி கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

தூங்கப் போகும் முன் சமையல்காரருக்கு இன்னொரு வேலை. வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பார். மறுநாள் வானம் மூடியிருந்தாலும் வடக்கு எது என்று வண்டியே சொல்லும்.

லவிங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தது

1867-ல் மறுபடி மந்தை. ஒப்பந்த ஏலத்துக்கு நேரமாகிறது என்று லவிங், ஒற்றைக்கை பில் வில்சன் என்ற வீரரோடு மந்தையை விட்டு முன்னால் போனார். இரவில் மட்டும் பயணம் செய்யுங்கள் என்று குட்நைட் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இரவுக்குப் பின் லவிங்குக்குப் பொறுக்கவில்லை, பகலிலும் போனார்கள். பீக்கஸ் கரையில் கொமாஞ்சிகள் சூழ்ந்துகொண்டார்கள். லவிங்குக்கு மணிக்கட்டிலும் விலாவிலும் குண்டு. அவர் வற்புறுத்தலில் வில்சன் இருட்டில் ஆற்றோடு நழுவி, வெறுங்காலோடு நாள்கணக்கில் நடந்து குட்நைட்டிடம் செய்தி சேர்த்தார். குட்நைட் போய்ப் பார்த்தபோது அங்கே லவிங் இல்லை. இறந்திருப்பார் என்றே நினைத்தார்கள்.

ஆனால் லவிங் ஊர்ந்தும் நடந்தும் தப்பித்து, வழிப்போக்கர்களின் உதவியால் சம்னர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். விலாக் காயம் ஆறியது. கைக் காயம் அழுகியது. செப்டம்பர் 25-ம் தேதி இறந்தார். சாகும் முன் இரண்டு விஷயம் கேட்டார். கூட்டுத்தொழிலைத் தொடர்ந்து நடத்தித் தன் கடன்களை அடைக்க வேண்டும். உடலை அந்நிய மண்ணில் விட்டுவிடாமல் டெக்சாஸுக்குக் கொண்டுபோக வேண்டும். குட்நைட் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்.

முதலில் கோட்டையிலேயே புதைத்துவிட்டு, மந்தையைக் கொலராடோவில் சேர்த்துத் திரும்பினார். 1868 தொடக்கத்தில் உடலைத் தோண்டியெடுத்தார்கள். ஆட்கள் கோட்டையில் கிடந்த பழைய தகர டப்பாக்களையெல்லாம் பொறுக்கித் தட்டி நிமிர்த்தி, ஈயம் வைத்துப் பற்றவைத்து ஒரு பெரிய தகரப் பெட்டி செய்தார்கள். மரச் சவப்பெட்டியை அதற்குள் இறக்கி, சுற்றிலும் கரித்தூளைக் கொட்டி அடைத்து, மூடி, கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியில் ஏற்றினார்கள். வந்த வழியிலேயே, அதே பீக்கஸ் ஓரமாக, அதே வறண்ட வெளி வழியாகத் திரும்பிப் போனது அந்த வண்டி. மார்ச் 4-ம் தேதி வெதர்ஃபோர்டு ஊரில் லவிங் அடக்கம் செய்யப்பட்டார். லாபத்தில் அவர் பங்கு அவர் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பயணங்களில் குட்நைட் கூடவே இருந்த இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. போஸ் ஐகார்டு. அடிமையாகப் பிறந்த கறுப்பின கௌபாய். வங்கியே இல்லாத அந்த வெளியில் மந்தை விற்ற பணத்தை குட்நைட் நம்பிக் கொடுத்து வைத்தது இவரிடம்தான். கொள்ளையர்கள் ஒரு கறுப்பரின் படுக்கைச் சுருட்டில் ஆயிரக்கணக்கான டாலர் இருக்கும் என்று தேட மாட்டார்கள் என்பதும் ஒரு கணக்கு. அந்தக் காலத்து நிறவெறியே பூட்டாக வேலை செய்திருக்கிறது! 1929-ல் ஐகார்டு இறந்தபோது, வெதர்ஃபோர்டில் லவிங் இருக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார் குட்நைட்.

பள்ளத்தாக்கில் இறங்கிய வண்டி

1870-ல் மேரி ஆன் டயர் என்ற ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார். எல்லோருக்கும் அவர் மாலி. கொலராடோவில் பண்ணை, வங்கி என்று வசதியாக இருந்த வாழ்க்கையை 1873 நிதி நெருக்கடி துடைத்துப் போட்டது. 1876-ல் மிச்சமிருந்த மாடுகளோடு டெக்சாஸின் பேலோ டூரோ பள்ளத்தாக்குக்கு வந்தார். மாடு தானாக வெளியே போக முடியாத இயற்கை வேலி. ஆனால் வண்டி இறங்கவும் வழியில்லை. வண்டியைக் கழற்றி, பாகம் பாகமாகக் கீழே கொண்டுபோய், மறுபடி பூட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜான் அடேர் என்ற அயர்லாந்துக்காரரின் முதலீட்டோடு ஜே.ஏ. பண்ணை பிறந்தது. உச்சத்தில் அது 13 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கர், ஒரு லட்சம் மாடு.

அந்தப் பள்ளத்தாக்கு யாருடையது? சில வருஷம் முன்புவரை கொமாஞ்சிகளுடையது. 1878-ல் அவர்கள் காட்டெருமை தேடி அங்கே வந்தார்கள். வேட்டைக்காரர்கள் சுட்டுத் தீர்த்துவிட்டதால் காட்டெருமை ஏறக்குறைய இல்லை. பசியில் மாடுகளைக் கொல்ல ஆரம்பித்தார்கள். தலைவர் குவானா பார்க்கர். 1860-ல் குட்நைட் தடம் காட்டிய தாக்குதலில் பிடித்துச் செல்லப்பட்ட சிந்தியா ஆனின் மகன். இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். காட்டெருமை கிடைக்கும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு மாடு தருவதாகவும், மற்ற மாடுகளைத் தொடுவதில்லை என்றும் ஒப்பந்தம். துப்பாக்கி வெடிக்கவில்லை. பின்னாளில் இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

காட்டெருமைகளைப் பற்றி உண்மையில் கவலைப்பட்டவர் மாலி. தாயை இழந்த கன்றுகளின் கதறல் தாங்காமல், பிடித்துவரச் சொல்லி வளர்த்தார். அந்த மந்தையின் வாரிசுகள் இன்று டெக்சாஸின் கேப்ராக் கேன்யன்ஸ் மாநிலப் பூங்காவில் மேய்கின்றன. மனைவிக்காக குட்நைட் செய்த ஒரு விஷயமும் இருக்கிறது. அந்தக் காலப் பெண்கள் ஒருபக்கமாக உட்காரும் சேணம் ஆபத்தானது. இடது முழங்காலை ஊன்ற இன்னொரு கொம்பு வைத்து அதைத் திருத்தி அமைத்தார். பெட்டியில் பார்த்த அதே கை.

பிற்காலம் அவ்வளவு செழிப்பில்லை. 1880-களின் கடைசியில் ஜே.ஏ.-யை விட்டு விலகினார். மெக்சிகோ சுரங்கத்தில் போட்ட பணம் போனது. 1898-ல் ஒரு கல்லூரி தொடங்கினார். காட்டெருமையையும் மாட்டையும் கலந்து புதிய இனம் உண்டாக்கிப் பார்த்தார், பெரிதாக எடுபடவில்லை. 1926-ல் மாலி இறந்தார். அடுத்த வருஷம், தன் 91-வது பிறந்தநாளில், 26 வயதுப் பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அவர் குடும்பப் பெயரும் குட்நைட்தான். கடிதம் எழுதித் தொடங்கிய பழக்கம். 1929 டிசம்பர் 12-ம் தேதி அரிசோனாவில் இறந்தார்.

அவர் காப்புரிமை எதுவும் வாங்கிவைக்கவில்லை. பார்த்தவர்கள் பார்த்தபடி செய்துகொண்டார்கள். ஸ்டூடிபேக்கர் கம்பெனியே பின்னாளில் சக் வேகனைத் தயாரித்து விற்றது. 2005-ல் டெக்சாஸ் சட்டமன்றம் சக் வேகனை மாநிலத்தின் அதிகாரபூர்வ வாகனமாக அறிவித்தது. குட்நைட் என்றே பெயர் கொண்ட சின்ன ஊரில், மாலிக்குப் பக்கத்தில் அவர் கல்லறை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கழுத்துத் துண்டை அவிழ்த்து அதன் கம்பிவேலியில் முடிந்துவிட்டுப் போகிறார்கள்.